யார் அடித்த மணி? சர்வரில் வரும் ‘எதிர்பாராத இன்டரப்ட்’ எச்சரிக்கை, தொடக்கநிலையினருக்கு

மொரீஷியஸில் சூறாவளி எச்சரிக்கையைப் படிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் வகுப்பு என்றால் தண்ணீரும் மெழுகுவத்தியும் வாங்கி வைக்கும் நேரம். மூன்றாம் வகுப்பு என்றால் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. நான்காம் வகுப்பு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று ஏற்கெனவே பதிவாகிவிட்டது. முதல் வகுப்பு அறிவித்தவுடன் கூரை பறந்துவிட்டதாக இங்கே யாரும் அலறுவதில்லை.

சர்வர் தரும் எச்சரிக்கைகளை மட்டும் நாம் இந்த நிதானத்தோடு படிப்பதில்லை. திரையில் “ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்” என்று ஒரு வரி வந்தால் போதும். வைரஸ் என்பார் ஒருவர், மதர்போர்டு போய்விட்டது என்பார் இன்னொருவர். “அது வெறும் எச்சரிக்கைதான், விட்டுவிடு” என்பவரும் உண்டு. மூன்று பேருமே அந்த வரி சொல்வதைக் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம். அந்த வரியின் பொருள், “16ஆம் எண் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை” என்பது. இதைப் புரிந்துகொள்ள ஒரு பஸ்ஸில் ஏறினால் போதும்.

பஸ்ஸில் ஒரு மணி

க்யூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிஸ் போகும் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்க வேண்டியவர் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்துகிறார். முன்னால் மணி அடிக்கிறது, ஓட்டுநர் அடுத்த நிறுத்தத்தில் நிறுத்துகிறார்.

மணி இல்லாத பஸ்ஸாக இருந்தால்? ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தி, “யாராவது இறங்குகிறீர்களா?” என்று கேட்டுக்கொண்டே போகவேண்டும். பஸ் போய்ச் சேரும், ஆனால் நேரம் பாழாகும். கணினியில் இப்படி ஒவ்வொரு சாதனத்தையும் மாறி மாறிக் கேட்டுப்பார்ப்பதற்கு போலிங் என்று பெயர். சாதனமே மணியடித்து, “எனக்கு வேலை இருக்கிறது, கொஞ்சம் திரும்பிப் பார்” என்று பிராசஸரைக் கூப்பிடுவது இன்டரப்ட். தமிழில் குறுக்கீடு என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் சர்வர் அறைக்குள் நான் அதைக் கேட்டதில்லை. அதனால் இங்கே இன்டரப்ட் என்றே எழுதுகிறேன்.

இது புதிய ஏற்பாடும் அல்ல. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 1954இல் கட்டிமுடித்த டிசியாக் என்ற கணினியிலேயே உள்ளீட்டு வெளியீட்டுச் சாதனங்கள் இன்டரப்ட் கொடுத்தன. இன்று நெட்வொர்க் கார்டுக்கு ஒரு தரவுப் பொட்டலம் வந்து சேர்ந்தாலும், டிஸ்க் படித்து முடித்தாலும், நீங்கள் ஒரு விசையை அழுத்தினாலும் எங்கோ ஒரு மணி அடிக்கிறது. வேலை மிகுந்த சர்வரில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் அடிக்கும்.

மணி அடித்தபின் என்ன நடக்கிறது

சாதனங்களுக்கும் பிராசஸருக்கும் நடுவே இன்டரப்ட் கன்ட்ரோலர் என்று ஒரு சில்லு இருக்கிறது. எந்தக் கம்பியில் மணி அடித்தது என்று பார்த்து, அந்தக் கம்பியின் எண்ணைப் பிராசஸரிடம் சொல்வது அதன் வேலை. அந்த எண்தான் ஐஆர்க்யூ. பிராசஸர் கையில் இருக்கும் வேலையை அப்படியே நிறுத்தி, கெர்னலிடம் ஒப்படைக்கிறது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு, நம் பஸ்ஸின் கண்டக்டர். அந்த எண்ணுக்குப் பதிவு செய்துவைத்திருக்கும் சிறு நிரலை அது அழைக்கிறது. அந்த நிரல் டிரைவர் என்ற மென்பொருளுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு டிரைவர் வேண்டும். (பஸ் ஓட்டுபவரை இந்தக் கட்டுரை முழுக்க ஓட்டுநர் என்றே சொல்கிறேன், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

டிரைவர் தன் சாதனத்தைப் பார்த்து, “ஆமாம், அடித்தது என் ஆள்தான்” என்று கண்டால் வேலையை முடித்து, மணியை அணைக்கச் சொல்லும். தன் ஆள் இல்லையென்றால், “நான் இல்லை” என்று கெர்னலிடம் சொல்லிவிடும். இந்த இரண்டு பதில்களை நினைவில் வையுங்கள். எச்சரிக்கை முழுவதும் இதில்தான் தொங்குகிறது.

இதுவரை பார்த்தது: சாதனம் மணியடிக்கிறது, கன்ட்ரோலர் எண் சொல்கிறது, கெர்னல் விசாரிக்கிறது, டிரைவர் ‘நான்’ அல்லது ‘நான் இல்லை’ என்கிறது.

ஒரே கம்பியில் பல பேர்

பஸ்ஸில் பொத்தான்கள் பல, மணி ஒன்றுதான். அடித்தவர் யார் என்று மணிக்குத் தெரியாது. கண்டக்டர்தான் திரும்பி, “கிசான்லா பெ தெசான்?” என்று கிரியோலில் கேட்கவேண்டும், யார் இறங்குவது என்று.

கணினியிலும் கம்பிக்குத் தட்டுப்பாடு இருந்தது. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் இரண்டு கன்ட்ரோலர் சில்லுகளைக் கோத்தும், பயன்படுத்தக் கிடைத்தவை 15 கம்பிகள். பிறகு வந்த, மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் பிசிஐ வகைக் கார்டுகளுக்கு நான்கே நான்கு இன்டரப்ட் கம்பிகள். ஆகவே பல கார்டுகள் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்ளும்படி வடிவமைத்தார்கள். பகிர்வது தவறில்லை, அது திட்டமிட்ட ஏற்பாடு. “16இல் இரண்டு சாதனம் இருக்கிறதே, அதுதான் கோளாறு” என்று சொல்பவரைப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்.

பகிரும் கம்பிக்கு இன்னொரு குணம் உண்டு. பொத்தானை விடும்வரை மணி நிற்காமல் அடிக்கும். யாராவது வந்து அந்தச் சாதனத்திடம், “சரி, கேட்டுவிட்டேன்” என்று சொன்னால்தான் அது கையை எடுக்கும்.

புதிய கார்டுகள் பெரும்பாலும் வேறு வழியில் போகின்றன. ஒரு துண்டுச்சீட்டில் தன் இருக்கை எண்ணை எழுதி ஓட்டுநரிடம் நீட்டுவதுபோல, குறிப்பிட்ட நினைவக முகவரியில் ஒரு சிறு மதிப்பை எழுதி இன்டரப்ட் கொடுக்கின்றன. இதன் பெயர் எம்எஸ்ஐ. இதில் கம்பியும் இல்லை, பகிர்வும் இல்லை. அதனால் ‘யாரும் கண்டுகொள்ளவில்லை’ என்ற செய்தி பெரும்பாலும் பழைய கார்டுகளிலிருந்தோ, எம்எஸ்ஐ பயன்படுத்தாத சாதனங்களிலிருந்தோதான் வரும்.

யாரும் கண்டுகொள்ளாத மணி

இப்போது எச்சரிக்கைக்கு வருவோம். மணி அடிக்கிறது. கண்டக்டர் ஒவ்வொருவரையும் கேட்கிறார். எல்லோரும், “நான் இல்லை.” மறுபடியும் மணி. மறுபடியும், “நான் இல்லை.” பஸ் நகரவே முடியாது.

லினக்ஸ் கெர்னல் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரே எண்ணில் வந்த கடைசி 100,000 இன்டரப்டுகளில் 99,900க்கு மேல் யாரும் பொறுப்பேற்கவில்லை என்றால், கம்பி எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்கிறது. எச்சரிக்கையை எழுதிவிட்டு, அந்தக் கம்பியையே மூடிவிடுகிறது. மணியின் இணைப்பைக் கழற்றிவிடுவது போல. இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டு ரொம்பப் பொறுமை என்று நினைக்கவேண்டாம். மாட்டிக்கொண்ட கம்பியில் 100,000 மணி அடிக்க நேரமே எடுக்காது.

இதனால் சர்வர் பிழைத்துக்கொள்கிறது, ஆனால் அதே கம்பியில் இருந்த ஒழுங்கான பயணிகளின் மணியும் இனி கேட்காது. அவர்களைக் கைவிடாமல் இருக்க, கெர்னல் பழைய முறைக்குத் திரும்புகிறது. நொடிக்குச் சுமார் 10 முறை மட்டும் போய், “ஏதாவது உண்டா?” என்று பார்த்து வருகிறது. நொடிக்கு ஆயிரம் முறை கவனிப்புப் பெற்ற சாதனத்துக்கு இனி பத்து முறைதான். அது சாகாது, ஊர்ந்து போகும். ‘சர்வர் ஓடுகிறது, ஆனால் ஏதோ ஒன்று மட்டும் படு மெதுவாக இருக்கிறது’ என்ற புகார் பல நேரம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

சுருக்கமாக: எச்சரிக்கை சொல்வது கம்பியின் எண்ணை. அடித்தவர் யார் என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. தெரிந்திருந்தால் எச்சரிக்கையே வந்திருக்காது.

செய்தியில் வரும் பெயர்கள் சாட்சிகள் மட்டுமே

மக்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. எச்சரிக்கைக்குக் கீழே ‘ஹேண்ட்லர்ஸ்’ (மணிக்குப் பதில் சொல்லும் டிரைவர் நிரல்கள்) என்று தலைப்பிட்டு ஒன்றிரண்டு பெயர்கள் வரும். பார்த்தவுடன் குற்றவாளி கிடைத்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில், கண்டக்டர் கேட்டபோது, “நான் இல்லை” என்று பதில் சொன்னவர்களின் பட்டியல் அது. டிரைவர் இல்லாத சாதனம் அதில் இடம்பெறவே முடியாது, ஏனென்றால் அதன் சார்பில் பதில் சொல்ல ஆளே இல்லை.

அதோடு நீளமாக ‘கால் ட்ரேஸ்’ என்று ஒரு பத்தி வரும். மணி அடித்த நேரத்தில் பிராசஸர் எந்த வேலையில் இருந்தது என்பதன் பதிவு அது. இந்த வகை எச்சரிக்கையில் அதற்குப் பெரும்பாலும் மதிப்பில்லை. அதை வரிவரியாகத் தேடி இரவைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும்.

எல்லா எச்சரிக்கையும் ஒரே வகுப்பு அல்ல

சில நேரம் 7ஆம் எண்ணில் மட்டும் ஒரு ‘ஸ்பூரியஸ்’, அதாவது பொய்யான, இன்டரப்ட் வந்ததாக ஒரே ஒரு வரி இருக்கும். பொத்தானைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்த பயணி இவர். கன்ட்ரோலர் திரும்பிப் பார்ப்பதற்குள் கம்பி அமைதியாகிவிட்டது. பிராசஸருக்கு ஏதாவது ஒரு எண் சொல்லியாக வேண்டும் என்பதால் அந்தப் பழைய சில்லு 7 என்கிறது. எப்போதாவது ஒன்று வந்தால் கவலை வேண்டாம்.

‘இந்த வெக்டருக்கு (பிராசஸரிடம் வந்து சேரும் இன்டரப்ட் எண்ணுக்கு) ஹேண்ட்லர் இல்லை’ என்று துவக்க நேரத்தில் ஓரிரு முறை வருவதும் பெரும்பாலும் அப்படித்தான். நாள் முழுவதும் வந்தால், மதர்போர்டில் இருக்கும் துவக்க நிரலான பயாஸைப் புதுப்பிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

பிஎஸ்டி என்ற இயங்குதளக் குடும்பத்தில் இதே சங்கதியை ‘ஸ்ட்ரே’ என்பார்கள். ஃப்ரீபிஎஸ்டி, ‘இன்டரப்ட் புயல்’ என்று பொருள்படும்படி எழுதி, வேகத்தைக் குறைக்கும். அங்கே விஎம்ஸ்டாட் கட்டளையை ‘ஐ’ தேர்வோடு கொடுத்தால் எண்ணிக்கையும் நொடிக்கு எவ்வளவு என்பதும் வரும். சோலாரிஸ் இயங்குதளத்தில் இன்டர்ஸ்டாட் என்ற கட்டளை.

உடனே எழுந்து பார்க்கவேண்டிய வகை என்எம்ஐ, அதாவது பிராசஸரால் மறுக்கவே முடியாத இன்டரப்ட். ‘காரணம் தெரியாத என்எம்ஐ’ என்று வந்தால் நினைவகப் பிழையோ கார்டுப் பாதையில் பிழையோ இருக்கக்கூடும். சர்வரின் மேலாண்மைச் சில்லு வைத்திருக்கும் நிகழ்வுப் பதிவேட்டை அன்றே படியுங்கள். அது மூன்றாம் வகுப்பு.

க்யூர்பிப்பில் ஒரு சர்வர்

க்யூர்பிப்பில் ஒரு சிறிய கணக்காளர் அலுவலகம். சூறாவளிக்காகச் சர்வரை அணைத்து, கேபிள்களை எல்லாம் பிடுங்கிவைத்தார்கள். காற்று ஓய்ந்தபின் போட்டார்கள். அன்றிலிருந்து திரையில் 16ஆம் எண் எச்சரிக்கை. 40 நிமிடத்தில் முடியும் இரவு பேக்கப் காலை எட்டு மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கையின் கீழ் யூஎஸ்பி என்று பெயர் இருந்ததால், யூஎஸ்பி டிஸ்க்தான் கெட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினார்கள். அதுவும் ஊர்ந்தது.

“சூறாவளி இதைக் கெடுத்துவிட்டது தம்பி” என்றார் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. அப்புறம், கிளம்பும்போது சொல்வது போல, “வருகைப் பதிவு மெஷினும் அதிலிருந்து பேசுவதில்லை, அதற்கு வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன்” என்றார். நான் அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் எழுதி வைத்துக்கொண்டேன்.

முதலில் ‘ப்ராக்’ என்ற அடைவில் இருக்கும் ‘இன்டரப்ட்ஸ்’ கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு பிராசஸருக்கும் ஒரு நெடுவரிசை, கடைசியில் அந்தக் கம்பியில் பதிவு செய்துள்ள டிரைவர்களின் பெயர். 10 நொடி விட்டு மறுபடி திறந்து, இரண்டையும் ஒப்பிடவேண்டும். ஒரே முறை பார்த்தால் அது புகைப்படம், இரண்டு முறை பார்த்தால்தான் அசைவு தெரியும். மற்ற வரிகள் ஏறிக்கொண்டிருந்தன. 16ஆம் வரி 100,000ஐ ஒட்டி நின்றது. இந்த எண் எங்கே கண்ணில் பட்டாலும் நிறுத்திப் படியுங்கள். கெர்னல் கம்பியை மூடிய தடம் அது. வரியின் கடைசியில் யூஎஸ்பி ஒன்றுதான் இருந்தது.

ஆனால் அந்த ஒருவர், “நான் இல்லை” என்கிறார். அப்படியென்றால் பட்டியலில் இல்லாத இன்னொருவர் பஸ்ஸில் இருக்கிறார். அடுத்து எல்எஸ்பிசிஐ கட்டளையை இரண்டு ‘வி’ போட்டு ரூட்டாக, அதாவது முழு உரிமை உள்ள நிர்வாகியாக, ஓட்டினேன். பிசிஐ சாதனங்கள் அனைத்தையும், அவற்றின் ஐஆர்க்யூ எண்ணோடும் டிரைவரோடும் காட்டும் கட்டளை அது. 16இல் இரண்டு பேர். ஒன்று யூஎஸ்பி. மற்றொன்று கூடுதலாகச் செருகியிருந்த பழைய நெட்வொர்க் கார்டு. அதன் ‘ஸ்டேட்டஸ்’ வரியில் ‘இன்ட்எக்ஸ்’ என்பதற்குப் பக்கத்தில் கூட்டல் குறி. அந்தச் சாதனம் இந்தக் கணத்தில் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். ‘பயன்பாட்டில் உள்ள டிரைவர்’ என்ற வரியே அதற்கு இல்லை.

அந்தக் கார்டின் மறுமுனையில்தான் வருகைப் பதிவு மெஷின்.

மீதியைப் பதிவேடு சொன்னது. சர்வர் 200 நாளுக்கு மேல் அணையாமல் ஓடியிருந்தது. அதற்கு நடுவே புதிய கெர்னல் ஒன்று தானாக நிறுவப்பட்டுக் காத்திருந்தது. சூறாவளிக்காக அணைத்ததுதான் முதல் மறுதொடக்கம். புதிய கெர்னல் ஏறியது, ஆனால் அந்தக் கார்டின் டிரைவர் பழைய கெர்னலுக்காகத் தனியே தொகுத்தது (கம்பைல் செய்தது), புதியதில் ஏறவில்லை. காற்றும் மழையும் சர்வரை எதுவும் செய்யவில்லை.

சரி, டிரைவர் இல்லாத கார்டு சும்மா இருக்காமல் ஏன் மணியடித்தது? எனக்கு இருந்த சந்தேகம், அதன் நெட்வொர்க் பூட் வசதி. இயங்குதளம் எழுவதற்கு முன்பே கார்டு விழித்து, நெட்வொர்க்கில் பூட் செய்ய முயன்று, விழித்த நிலையிலேயே விடப்படுகிறது. கேபிளைப் பிடுங்கிவிட்டுச் சர்வரைத் தொடங்கினேன். எச்சரிக்கை வரவில்லை. கேபிளைச் செருகி, பயாஸில் நெட்வொர்க் பூட்டை அணைத்துவிட்டுத் தொடங்கினேன். அப்போதும் வரவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதால்தான் இந்த இரண்டு விடைகளும் எனக்குப் பயன்பட்டன.

யூஎஸ்பி ஏன் மாட்டிக்கொண்டது என்பதும் இதில் விளங்கிவிடும். ஒரு டிரைவராவது பதிவு செய்யும்வரை கெர்னல் அந்தக் கம்பியைத் திறப்பதே இல்லை. யூஎஸ்பி டிரைவர் வந்து பதிவு செய்தது, கம்பி திறந்தது, ஏற்கெனவே அழுத்தியபடி இருந்த பொத்தானின் மணி அந்த நொடியே கொட்டத் தொடங்கியது. கதவைத் திறந்தவர் மேல் பழி விழுந்தது.

ஐஆர்க்யூபோல் பற்றி

எச்சரிக்கையே, ‘ஐஆர்க்யூபோல் என்ற தேர்வோடு தொடங்கிப் பாருங்கள்’ என்று ஆலோசனை சொல்லும். அதைப் போட்டால், யாரும் ஏற்காத மணி வரும்போது கெர்னல் மற்றக் கம்பிகளில் இருக்கும் டிரைவர்களையும் கேட்டுப்பார்க்கும். மணி தவறான எண்ணில் வந்து சேரும் மதர்போர்டுகளில் இது உதவும், சர்வரை அன்றிரவு ஓடவைக்கவும் கைகொடுக்கும். ஆனால் அதையே நிரந்தரமாக விட்டுவிடுவதை நான் ஏற்கமாட்டேன். இந்தச் சர்வரில் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது, ஏனென்றால் பதில் சொல்லவேண்டிய டிரைவர் எந்தக் கம்பியிலும் இல்லை.

செய்யவேண்டிய வரிசை எளிது. டிரைவர் இல்லாத சாதனம் என்றால் டிரைவர் போடுங்கள். தேவையில்லாத சாதனம் என்றால் பயாஸில் அணையுங்கள் அல்லது கழற்றிவிடுங்கள். டிரைவர் இருந்தும் நடந்தால் பயாஸையும் கெர்னலையும் புதுப்பித்துப் பாருங்கள், கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், எம்எஸ்ஐ தெரிந்த கார்டு என்றால் அதை இயக்குங்கள். எல்லாம் செய்தும் கூட்டல் குறி அதே கார்டில் நின்றால், அப்போது கார்டை மாற்றச் சொல்லலாம்.

அந்த அலுவலகத்தில் புதிய கெர்னலுக்கு டிரைவரைத் தொகுத்து ஏற்றினேன். வருகைப் பதிவு மெஷின் உடனே பேசியது, வேறு ஆள் வரவேண்டாம் என்று அக்கா போனில் சொல்லிவிட்டார். புதிய டிஸ்க்கைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்துவிட்டு, கெட்டதாக ஒதுக்கிய பழைய டிஸ்க்கையே மாட்டினோம். அன்றிரவு பேக்கப் 41 நிமிடத்தில் முடிந்தது.